எழுதும் கையைப் பார்த்திருத்தல்

1

ஹெப்சி இந்த ஊருக்கு வந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் இலவம்பஞ்சுத் தலையணையோடு கப்பலிலிருந்து இறங்கினாள். பன்னிரண்டு வயதுப் பெண். தலையணை எதற்கு என்று கேட்டேன்.

"இங்க தலகாணி எப்படி இருக்குமோன்னு அம்மா குடுத்து அனுப்பினாங்க" என்றாள்.

அம்மா என்று அவள் சொன்னது என் அக்கா எஸ்தரை. ஹெப்சியைப் பெற்றவள் நான். இரண்டு வயதில் அவளை மேற்குத் தாம்பரத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லி நானும் என் வீட்டுக்காரரும் சிங்கப்பூருக்குக் கப்பலேறினோம். அறுபத்து நாலில். அந்த ஆறு மாதம் முடியப் பத்து வருஷம் பிடித்தது.

ஊரில் இருந்தவரை என்னை 'சிங்கப்பூர் அம்மா' என்பாளாம். அங்கே அந்தப் பெயரில் கொஞ்சம் பவிஷு இருந்திருக்கும். சிங்கப்பூருக்கே வந்து இறங்கியபின் அந்த ஊர்ப் பெயருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை எடுத்துவிட்டால் மீதி இருக்கும் ஒற்றைச் சொல்லை எனக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு வருஷமாக என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கேட்டீங்களா', 'இதப் பாருங்க' என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரரை 'அப்பா' என்பதில் அவளுக்குச் சிரமமே இல்லை. அக்கா ஊரில் பள்ளி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஹெப்சியின் மனதில் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு அவளை ஊருக்கு அனுப்புகிறோம். கப்பலுக்கு இன்னும் சில நாள்கள்தான். அவளுக்கு வாங்க வேண்டியது போகவர டிக்கெட்டா, போக மட்டுமா என்பதிலேயே என் கடந்த இரண்டு மாதமும் கழிந்தது. அதை எழுத உட்கார்ந்தால் சீன எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2

டேனி எங்களுக்கு இங்கே பிறந்த பையன். எட்டு வயது. அவன் படிக்கும் ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் மொழிக்குத் தமிழ் வாத்தியார் இல்லை. மலாய் உண்டு, சீனம் உண்டு. "சீனம் போடு. நாளைக்கு இந்த ஊர்ல அவன் நிக்கணுமில்ல?" என்றார் அவன் அப்பா. போட்டோம்.

முதல் வாரமே சீன டீச்சரிடமிருந்து தகவல் வந்தது: பிள்ளை எழுதும்போது பெற்றோர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பார்க்க வேண்டும். எழுதி முடித்தபின் தாளைப் பார்ப்பது உதவாது.

எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதே என்று பள்ளிக்கே போய்ச் சொன்னேன். டீச்சர் ஒல்லியான பெண், என்னைவிட இளையவள். "நீங்களும் கூடவே எழுதுங்கள். பிள்ளைக்கு முன்னால் ஓட வேண்டாம், பின்னால் வந்தால் போதும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

அப்படித்தான் நாற்பது வயதுக்கு மேல் நான் கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன்.

சீன எழுத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு. இடது முதலில், வலது பிறகு. படுத்த கோடு முதலில், நிற்கும் கோடு பிறகு. முறை மாற்றிப் போட்டாலும் தாளில் கடைசியில் அதே எழுத்துதான் நிற்கும். ஆனாலும் தப்பு. பென்சிலில் எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டேன். டீச்சர் அதற்கும் வழி வைத்திருந்தாள். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று, ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் எழுத வேண்டும். அவள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று முழங்கைகளைப் பார்ப்பாள். முப்பது முழங்கைகள் ஒன்றாக இறங்கும்போது ஒன்று மட்டும் வேறு பக்கம் போனால் அங்கேயே பிடிபடும்.

எனக்கு முதலில் தப்பாகிப்போனது 'பத்து'. ஒரு படுத்த கோடு, அதன்மேல் ஒரு நிற்கும் கோடு, அவ்வளவுதான். என் கை மேலிருந்து கீழே இழுத்துவிட்டுத்தான் குறுக்கே போகும். சின்ன வயதிலிருந்து நோட்டுப் பக்கங்களின் தலையில் சிலுவை போட்டுப் பழகிய கை அது. டேனி எட்டிப் பார்த்தான்.

"ம்மா, இது பத்து இல்ல. இது சர்ச்சு."

"பார்க்க ஒரே மாதிரிதானேடா இருக்கு?"

"பாக்கறதுக்கு ஒரே மாதிரி லா. ஆனா நீ சர்ச்சுதான் எழுதின."

நம் எழுத்துக்குப் பேனாவை எடுக்கத் தெரியாது. வெல்லப்பாகு ஊற்றுவதுபோல் சுழித்துச் சுழித்துப் போய்க்கொண்டே இருப்போம். இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் கையைத் தூக்கி, நிதானித்து, வைக்க வேண்டும். தாம்பரத்துக்குப் பக்கத்தில் பீர்க்கன்கரணை ஏரியில் தண்ணீர் வற்றும் காலத்தில் கொக்கு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலைத் தூக்கி, யோசித்து, சேற்றைக் கலக்காமல் இறக்கும். அந்த நடை என் விரலுக்கு வர ஒரு மழைக்காலம் பிடித்தது.

வந்தபிறகு விட முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியில் விரல் தானாக எழுதும். அரிசி களையும்போது தண்ணீரில் எழுதும். மாலை ஐந்து மணிக்கு, ஜன்னலில் எதிர்ப் பிளாக்கின் துணிக்கொடிகள் அசைய, டேனியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் குட்டிக் கை ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். தேனடையில் தேன் இறங்குவதுபோல் மனதில் ஏதோ இறங்கும். அந்தச் சுகம் முழுதும் இறங்குவதற்குள் தாம்பரம் வந்து முன்னால் நிற்கும். அங்கே ஒருத்தி எழுதிக்கொண்டிருப்பாள், நான் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

3

சிங்கப்பூருக்குக் கிளம்பிய காலையில் பால்காரி ரஞ்சிதம் வாசலில் நின்று பெட்டிகளை ஒரு முறை பார்த்தாள், அக்காவின் இடுப்பில் இருந்த குழந்தையை ஒரு முறை பார்த்தாள்.

"இன்னாமா, கொயந்தய வுட்டுட்டு நீ மட்டும் கெளம்பிக்கினியா? கப்பல்ல போறவங்க மனச ஐஸ்பொட்டில வெச்சிக்கினு போவாங்களா?"

அக்காதான் பேசினாள். "ரஞ்சிதம், பால ஊத்திட்டுப் போ. தண்ணி கலந்த கையால எனக்குப் புத்தி சொல்லாத."

"நான் தண்ணிதான் கலந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் ரஞ்சிதம்.

தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷன் வரும்வரை மின்சார வண்டியில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

கூட்டிக்கொள்ளாததற்குக் காரணங்கள் உண்டு. முதலில் பர்மிட் தாமதம். பிறகு இந்த ஊர் தனி நாடாயிற்று. குடிநுழைவு விதிகள் இறுகின. பிறகு டேனி பிறந்தான், எனக்கு உடம்பு தேற ஒரு வருஷம். பிறகு இங்கிருந்த வெள்ளைக்காரர் படைத்தளத்தை மூடிக்கொண்டு போனார்கள், அவருக்கு அங்கேதான் வேலை. அவருக்கு வேறு வேலை கிடைத்தபோது அக்கா எழுதினாள்: பள்ளிக்கூடத்தில் நடு வருஷம், கலைக்க வேண்டாம். எல்லாக் காரணமும் உண்மை. தொந்தரவே அதுதான். ஒன்றாவது பொய்யாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்திருப்பேன்.

போன வருஷம் டேனி முதல் வகுப்பில் பாதி முடித்த சமயத்தில் 'நாடு' என்ற எழுத்து வந்தது. நாலு பக்கமும் சுவர், உள்ளே கொஞ்சம் கோடுகள். சுவரில் மூன்று பக்கம் போட்டுவிட்டு உள்ளே எழுத வேண்டியதை எழுதி, அடிக்கோட்டைக் கடைசியில் போட்டு மூட வேண்டும். பிள்ளைகளுக்கு டீச்சர் பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருந்தாள்: ஆள் உள்ளே போகட்டும், அப்புறம் கதவைச் சாத்து.

எனக்கு அது வரவே இல்லை. என் கை நாலு சுவரையும் எழுப்பிவிட்டுத்தான் உள்ளே யாரை வைக்கலாம் என்று பார்க்கும். டேனி ரப்பரால் அழிப்பான். மறுபடி சுவர். மறுபடி ரப்பர். தாள் ஓட்டையாகும்வரை நடந்தது. அந்த வாரம்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "இனிமே தள்ள வேண்டாம், ஹெப்சியக் கூட்டிக்கலாம்" என்று. அவர் ஏன் திடீரென்று என்று கேட்கவில்லை.

4

வந்தவளைப் பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். மாலையில் மூன்று பேருக்கும் ஒரே மேஜை. டேனி என் வலப்பக்கம், ஹெப்சி எதிரே. இருவரும் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள், சண்டையோடு.

"அக்கா, உன் எழுத்தெல்லாம் ஏன் முறுக்கு மாதிரி இருக்கு லா?"

"உன்னுது ஏன்டா ஒடஞ்ச நாற்காலி மாதிரி கீது? அதென்ன இந்த ஊர்ல பேச்சுக்குப் பேச்சு லா? ஆர்மோனியம் வாசிக்கிறியா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் சேர எனக்கும் ஆசை. சேர்ந்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பயந்து குனிந்துகொள்வேன்.

ஒருநாள் கேட்டாள், "தெனமும் இவன் கையவே பாத்துக்கினு இருக்கீங்களே. இவன் என்ன திருடவா போறான்?"

நான் டீச்சர் சொன்னதைச் சொன்னேன். எழுதி முடித்தபின் பார்த்தால் தெரியாது, எழுதும்போதே பார்க்க வேண்டும் என்று. "ஓ" என்றாள். பேனாவை எடுத்து மூடியை இரண்டு தரம் திறந்து மூடினாள்.

மறுநாள் என் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். என் வயிற்றில் உருவான அந்தக் கை எழுதுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். வேகமான கை. ஆனால் ஒரு வரி முழுவதையும் புள்ளியே இல்லாமல் எழுதிக்கொண்டு போனாள். வரி முடிந்ததும் பேனாவைத் தூக்கி, திரும்ப முதலுக்கு வந்து, மெய்யெழுத்துகளின் தலையில் டொக், டொக், டொக் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனாள், சட்டியில் கடுகு வெடிப்பதுபோல.

ஒரு வருஷத்துக்கு மேலாக டேனியோடு உட்கார்ந்து ஊறிய புத்தி எனக்கு. நான் நினைப்பதற்குள் என் கை போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"இப்படி எழுதக் கூடாதும்மா. ஒரு எழுத்த முடிச்சிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போகணும்."

தமிழில் அப்படி ஒரு சட்டம் யாரும் போட்டதில்லை. சீனத்தின் சட்டத்தைக் கொண்டுபோய் என் பிள்ளையின் தமிழின்மேல் வைத்தேன்.

அவள் உதறவில்லை. மணிக்கட்டை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"எங்கம்மா இப்படித்தான் எழுதுவாங்க" என்றாள். பிறகு அவளுக்கே அந்த ஞாபகம் பிடித்துப்போய்ப் பேச்சு தொடர்ந்தது. "போர்டுல கூட அப்படித்தான். வரி முடிஞ்சப்புறம் மொத்தமா வெப்பாங்க. நாங்கல்லாம் கூடவே நாக்கால டொக்கு டொக்குன்னு சத்தம் போடுவோம். ஏரோப்ளேன் போச்சுன்னா சத்தம் கேக்காதுன்னு அம்மா சாக்பீச தூக்கிக்கினு அப்படியே நிப்பாங்க. ப்ளேன் போனப்புறம்தான் வெப்பாங்க. அதுவரைக்கும் நாங்க எல்லாரும் மூச்சு வுடாம..."

யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது உறைத்தது போலிருக்கிறது. நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

பத்து வருஷம் அக்காவின் கடிதங்களைப் படித்தவள் நான். புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எப்போது வைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

5

பரீட்சை முடிந்த மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொரு கரண்டி ரசம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"கேட்டீங்களா. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனா, நான் அங்கயே இருந்துடட்டுமா?"

அவள் அப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார். "விளையாட்டா இருக்கா? பர்மிட் வாங்க எத்தன பேர் காலப் பிடிச்சோம் தெரியுமா?"

"தெரியும்பா. அதான் ஓடிப்போவாம, கேட்டுட்டுப் போலாம்னு கேக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சின்னப் பிள்ளைப் பேச்சு, ஊரை ஒரு தரம் பார்த்தால் சரியாகிவிடும் என்றார். நான் அக்காவுக்கு நடந்ததை எழுதிப்போட்டேன்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. அவளைப்போல பர்மிட்டில் இருப்பவர்கள் நாட்டைவிட்டு வெளியே போகுமுன், திரும்பி வர அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் போனால் பர்மிட் செத்துவிடும். எப்படியும் வாங்கி வைப்போம் என்று அவளை அழைத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகம் போனேன். கூட்டம், மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் முறை வந்தது. கவுண்டரில் சீன இளைஞன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஹெப்சியைப் பார்த்து மெதுவான ஆங்கிலத்தில் கேட்டான், அம்மா பெயர் என்ன?

"எஸ்தர்" என்றாள், யோசிக்காமல்.

அவன் தாளைப் பார்த்தான். "இங்கே ரூத் என்றல்லவா இருக்கிறது?"

நான் முந்திக்கொண்டு, எஸ்தர் அவளுடைய பெரியம்மா என்று சொல்ல வந்தேன். பதற்றத்தில் அதற்கு ஆங்கிலச் சொல் வாய்க்கு வரவில்லை. அப்படியே ஆங்கிலமாக்கி 'பிக் மதர்' என்றேன். அவன் முகம் தெளிந்தது. அவர்கள் வழக்கத்தில் பெரிய அம்மா என்றால் அப்பாவின் மூத்த மனைவியாம்.

"அப்படியானால் நீங்கள் ஸ்மால் மதரா?" என்று அனுதாபத்தோடு கேட்டான்.

ஹெப்சி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்துவிட்டேன். இல்லை, அவள் என் அக்கா என்று எப்படியோ விளக்கி முத்திரை வாங்கினோம். ஆனால் வெளியே வந்து வெயிலில் நிற்கும்போது எனக்குத் தோன்றியது, ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் பொய்யில்லை.

6

எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் லிம்மிடம் உண்டு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டி, இந்தியாவிலிருந்து, சீக்கிரம் என்றாள். நான் ஓடினேன். ஹெப்சி குளித்துக்கொண்டிருந்தாள்.

கடல் இரைச்சலுக்கு நடுவே அக்கா.

"ரூத்து, கேக்குதா? மூணு நிமிஷம்தான். காலைலேர்ந்து காத்துக் கெடக்கிறேன். நான் சொல்றத மட்டும் கேளு. அவகிட்ட ஃபோனக் குடு. நான் என்ன சொன்னாலும் நீ குறுக்க பேசாத. அவ ரூம்ல காலேஜ் பொண்ணு ஒருத்திய குடி வெச்சிட்டேன், எடமில்லன்னு சொல்லப்போறேன்."

"நெஜமாவாக்கா?"

"பைத்தியம். அவ பாயக்கூட நான் இன்னும் சுருட்டல."

"அப்புறம் ஏன்க்கா இப்படி?"

"இன்னிக்கோ நாளைக்கோ பெரியவளாயிடுவா. அப்பா அம்மா ரெண்டு பேரும் அங்க இருக்கச்சே, ஒண்டிப் பொம்பள வீட்ல வந்து உக்காந்தா நாளைக்கு அவளத்தான் நாலு பேர் நாலு கேள்வி கேப்பாங்க. நான் வேணும்னு சொன்னா அவ வந்துடுவா. அதான். எங்க அவ?"

ஹெப்சி தலையில் துண்டோடு வந்து ரிசீவரைப் பறித்தாள். ஒரு வருஷமாக என் வீட்டில் கேட்காத குரல் அவளிடமிருந்து வந்தது.

"யம்மா! எப்பிடி கீற? ... சரி சரி, திட்டாத, எப்படி இருக்கே? போதுமா? ... நானா, குண்டாயிட்டேன். ... யம்மா, நான் டிசம்பர்ல..."

பிறகு கேட்டுக்கொண்டிருந்தாள். துண்டிலிருந்து தண்ணீர் மிஸஸ் லிம்மின் மொசைக் தரையில் சொட்டியது.

"யாரு? ... எந்தக் காலேஜி? ... என் ரூம்லயா? ... இல்ல, அழல. தல தொவட்டறேன். ... சரி. ... சரிம்மா."

ரிசீவரை வைத்தாள். மிஸஸ் லிம்முக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். அவள் கொடுத்த ஆரஞ்சை வாங்கிக்கொண்டாள். வராந்தாவுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "என் ரூம வாடகைக்கு வுட்டுட்டாங்களாம்."

"அப்படியா?" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் எழுத முடியாமல் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

7

அன்று மாலை அவளே நாற்காலியை இழுத்து டேனியின் பக்கத்தில் போட்டாள். "டேய், எனக்கும் உன் ஒடஞ்ச நாற்காலிய சொல்லிக் குடு."

கற்றுக்கொண்டாள். பாடாய்ப் படுத்துகிற வாத்தியார் அவன். "அக்கா, கை தூக்கு! தூக்கலன்னா டீச்சர் அடிக்கும்!" மேலே முதலில், கீழே பிறகு. இடது முதலில், வலது பிறகு. எனக்கு மழைக்காலம் பிடித்தது அவளுக்கு ஒரு வாரத்தில் வந்தது. அந்தப் பக்கம் ஒரு தலை, இந்தப் பக்கம் ஒரு தலை, நடுவில் நான். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை. பொய் என்று தெரிந்த ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பிள்ளைகளின் கையையும் பார்த்துக்கொண்டு, வயிறு நிறையச் சந்தோஷமாக இருந்தேன். டிக்கெட் போகவர என்று முடிவாயிற்று. அவள் அப்பா, பார்த்தாயா, நான் சொன்னேனே என்றார்.

பிறகு ஒருநாள் அவள் தன் தமிழ் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் டேனியின் நோட்டில் இருந்தேன். ஏதோ குறைகிறதே என்று காதுக்குத் தோன்றித் திரும்பினேன். அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் உடனே உடனே புள்ளி வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொன்னபடி. நிறுத்தி, வைத்து, நகர்ந்து. அந்த வேகமெல்லாம் போய், விருந்துக்கு வந்த வீட்டில் தட்டைக் கழுவி வைக்கிற பிள்ளையின் அடக்கம் அந்தக் கையில் இருந்தது.

போக இடமில்லை என்று நம்பிவிட்டாள். அதனால் இங்கே நல்ல பிள்ளையாக இருக்கப் பழகுகிறாள்.

அன்று ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சொன்னா அவ போயிடுவா, ரூத்" என்றார். "ஆமா" என்றேன். அவர் எழுந்துபோய், ஏற்கெனவே பளபளத்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

மறுநாள் காலை ஹெப்சியும் நானும் மூங்கில் கழியில் துணி கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போதுதான் எனக்குத் தைரியம்.

"பெரியம்மா உன்கிட்ட ஃபோன்ல சொன்னது பொய். ரூம்ல யாரும் இல்ல. நீ இங்க இருக்கணும்னு அப்படிச் சொன்னா. உன் பாயக்கூட இன்னும் சுருட்டலன்னு என்கிட்ட சொன்னா."

அவள் டேனியின் சட்டையை உதறினாள். கழியில் கோத்தாள். இன்னொரு சட்டையை எடுத்தாள்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ இங்கயே இருந்துடுவேன்னு."

என்னை முழுசாகப் பார்த்தாள். கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை. கடைக்காரர் எடையில் தப்புச் செய்ததை ஒப்புக்கொண்டால் பார்ப்போமே, ஓர் ஆச்சரியமும் கொஞ்சம் மரியாதையும், அந்த மாதிரி. பிறகு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள், "டிக்கெட் மாத்த முடியுமா?"

திங்கட்கிழமை கப்பல் ஏஜண்டிடம் போனோம். நாகூர்க்காரர். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே, "தங்கச்சிக்குப் போவ மட்டுமா? நல்லா யோசிச்சீங்களா?" என்றார். ஹெப்சி என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நான்தான் என்று விட்டுவிட்டாள்.

"போக மட்டும்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பேசினாள். ஒரு வருஷம் பேசாததை எல்லாம் பேசினாள். ஸ்டேஷன் மேம்பாலத்தில் செருப்பு அறுந்து தண்டவாளத்தில் விழுந்த கதை. ஈஸ்டர் அன்று பாடகர் குழுவில் தூங்கி விழுந்த கதை. அக்கா சைக்கிள் கற்றுக்கொள்ளப் போய், முடிச்சூர் ரோட்டில் பூசணிக்காய் வண்டியில் மோதிய கதை. என் தோளில் சாய்ந்து சிரித்தாள். போகப் போகிறவள் என்பதால் எனக்குக் கிடைத்த பேச்சு அது. கேட்டுக்கொண்டிருக்கும்போது மனதிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கிற்று. அவளுக்கு நல்லது செய்தோம் என்ற நிம்மதி என்று இதை எழுத ஆசைதான். அது மட்டுமில்லை. இனி அந்தக் கண்கள் என்னை அளந்துகொண்டிருக்காது என்ற நிம்மதியும்தான். பெற்ற பிள்ளை போவதில் இப்படி ஒரு நிம்மதி வரும் என்று ஊரில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் முகத்தில் விழித்திருக்க மாட்டேன்.

இறங்கும் இடம் வந்தது. அவள் எனக்கு முன்னால் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். இவ்வளவு செய்தவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தவளைப்போல் சொன்னாள்.

"நீங்க லீவுக்குத் தாம்பரம் வந்தா வேற எங்கயும் தங்க வேணாம். எங்க வூட்லயே தங்கலாம். என் ரூம்லயே எடம் கீது. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு அது. அவள் தன் ரூம் என்று சொல்லும் அந்த அறையில்தான் நான் பிறந்தேன்.

"சரிம்மா" என்றேன். "கேட்டு வை."